கண்காட்சிக்கு எடுத்த கால்வாய்த் தண்ணீர்

நான் ஏழாவது படிக்கும்போது எங்கள் சயின்ஸ் டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். திருவொற்றியூரில் எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் வெள்ளிக்கிழமைதோறும் தண்ணீர் எடுத்து, நிறம், நாற்றம், மீன் செத்து மிதந்ததா என்பதையெல்லாம் நோட்டில் எழுத வேண்டும். வருஷக் கடைசியில் கண்காட்சி. இரண்டு பேருக்கு ஓர் இடம். எனக்கும் என் பெஞ்சுக்காரிக்கும் சாயக் கம்பெனிக் குழாய் வந்து விழும் இடம் அமைந்தது. அவள் அப்பா அந்தக் கால்வாயில்தான் இறால் பிடித்தார். என் நைனா அந்தக் கம்பெனியில் ஆறு வருஷமாக டெம்பரவரி. கண்காட்சி வந்த மாசம்தான் பர்மனென்ட் லிஸ்ட் போடப் போவதாகப் பேச்சு.

காலி மருந்து பாட்டிலில் எடுத்த தண்ணீர், பீட்ரூட் வேகவைத்த மாதிரி சிவப்பாக இருக்கும். எங்களுக்கு அதில் ஒரே குஷி. மற்றவர்களுடைய பாட்டிலெல்லாம் வெறும் சேறுதானே.

கண்காட்சிக்கு முந்தின நாள் லேபிள் ஒட்டச் சொன்னார் டீச்சர். தண்ணீர் எடுத்த இடம், தேதி, ரிஜிஸ்டரில் இருக்கிறபடி எங்கள் பெயர், அப்பா பெயர், அப்பாவின் வேலை. சிறப்பு விருந்தினர் யாரென்றும் சொன்னார்: சாயக் கம்பெனி மேனேஜர். எங்கள் பெஞ்சுகள் கம்பெனி போட்டவை. அதனால் எந்த விழாவானாலும் ரிப்பன் வெட்டுவது அவர்தான். அவர் கம்பெனித் தண்ணீரை அவருக்கே காட்டப் போகிறோமே என்று டீச்சருக்குக்கூடத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நைனா பெயரை மட்டும் சின்ன எழுத்தில் எழுதினேன்.

"உங்க மேனேஜர் கோவக்காரரா நைனா?" என்று வீட்டில் கேட்டேன்.

"அவரு கண்ணுல படாம கீறதுதான் நல்லது. லிஸ்டு அவரு டேபிள்லதான் கீது."

சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் போய், என் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்து, அடிபம்பில் கழுவி நிரப்பி வைத்தேன். பக்கத்திலேயே இருந்த அவள் பாட்டிலைப் பற்றி நினைக்கவே இல்லை. பயத்தில் எனக்கு என் நைனா பெயர் மட்டும்தான் தெரிந்தது.

மேனேஜர் எங்கள் மேஜைக்கு வந்தார். என் பாட்டிலை எடுத்து லேபிளைப் படித்தார்.

"நம்ம கம்பெனி ஆளோட பொண்ணா? பாருங்க டீச்சர், ஒரே இடம், ஒரே நாள். இது சுத்தமா இருக்கு, அது செவப்பா இருக்கு. அந்தப் பொண்ணு இங்க் கலந்திருக்கா."

"இல்ல சார், தண்ணியே அப்டிதான் சார்," என்றாள் அவள். என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லேன்டி. ரெண்டு பேரும் சேந்துதானே எடுத்தோம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாசலில் அவள் அப்பாவும் நின்றிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். டீச்சர் அவள் பாட்டிலை எடுத்து மேஜைக்கு அடியில் வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் லிஸ்டில் நைனா பெயர் வந்தது. அம்மா கேசரி கிளறினாள். நைனா மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உம் பொண்ணு எட்த்த தண்ணி கண்ணாடியாட்டம் கீதுன்னாரு மேனேஜரு. வெள்ளிக்கெயம சாயத் தண்ணி வால்வத் தொறந்து கால்வாயில வுடறதே நான்தான். அந்தத் தண்ணிய எங்க புட்ச்ச?"

"பம்புல."

அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. திறந்து பார்த்தால், அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு என் முன்னால் குந்தியிருந்தார்.

"எறா புடிக்கிறவரு பொண்ணுக்கு இது தெரியுமா?"

"தெரியாது நைனா."

"சொல்லிடாத கண்ணு. வால்வு விசயத்தையும் சொல்லிடாத."

நைனா அதுவரை என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை.