மடத்துக்கு முகப்பு வைத்த கதை

போன வருடம் பங்குனியில், முல்லைத்தீவுப் பக்கம் தண்ணீரூற்றுக்கு அருகே நடந்தது இது. அங்கே கூரை போய், சுவர் மட்டும் நிற்கும், வழிப்போக்கர் தங்கிய பழைய மடம் ஒன்று இருக்கிறது. கைபேசியை அதன் முன்னால் பிடித்தால், மடம் அந்தக் காலத்தில் இருந்தபடியே திரையில் எழுந்து நிற்கும். அந்தச் செயலியைச் செய்தவன் நான். வேலையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன்?

மடத்தின் பழைய தோற்றத்துக்குக் கிடைத்த ஒரே ஆதாரம், இடப்பெயர்வுகளுக்குள் தப்பிப் பிழைத்த ஒரு கறுப்பு வெள்ளைக் கலியாணப் படம். அந்த மணமக்களின் மகள் அதைக் கைபேசியில் அனுப்பியிருந்தார். வாசலில் நான்கு தூண்களும் வளைவுமாக ஒரு முகப்பு கம்பீரமாக நின்றது. நான் யாரையும் எதுவும் கேட்காமல் அதை அப்படியே செயலியில் ஏற்றிவிட்டேன். திரையில் அதைப் பார்த்துச் சொக்கிப்போன, மடத்தைத் திருத்திக் கட்டும் குழுவினர், சுற்றுலா வருபவர்களுக்காக அந்த முகப்பை நிஜமாகவே கட்டுவதென்று முடிவெடுத்தார்கள். அத்திவாரக் குழியும் வெட்டியாயிற்று. மறுநாள் கொங்கிரீட் போடுவதாக இருந்தது.

அன்று பின்னேரம், படத்தில் மணப்பெண்ணாக நின்ற அம்மா ஓமந்தையிலிருந்து பஸ் ஏறி வந்தார். கைபேசியைக் கொடுத்துவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருந்தேன். அவர் திரையைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், சிரிக்கத் தொடங்கினார்.

"தம்பி, இது எங்கட கலியாணத்துக்குச் சோடிச்ச பந்தல் எல்லோ! பலகையில தூண் செய்து, கடதாசி ஒட்டி, என்ர அண்ணாமார் மூண்டு நாளா மினக்கெட்டவை. அடுத்த நாளே கழட்டியாச்சு."

"அப்ப வாசலில என்ன இருந்தது அம்மா?"

"ரெண்டு படி. சேத்துக் காலோட வாறவை கழுவ ஒரு தண்ணித் தொட்டி. வேற ஒண்டும் இல்லை."

உடனே குழுத் தலைவருக்குப் போன் எடுத்து, பிழை என்னுடையது என்று சொல்லி வேலையை நிறுத்தினேன்.

திரையிலிருந்தும் முகப்பை அழிக்கப் போனபோது அந்த அம்மா தடுத்தார். "பொறுங்கோ. என்ர மனுசன் செத்து ரெண்டு வருசம். நாங்கள் நிண்ட இடத்தை ஒருக்கா காட்டுங்கோவன்." என்னால் காட்ட முடியவில்லை. தூண்கள் தெளிவாகத் தெரியவேண்டும் என்று, மாப்பிள்ளையையும் பொம்பிளையையும்தான் நான் முதலில் வெட்டி எறிந்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

இப்போது செயலியைத் திறந்தால் இரண்டு படியும் தொட்டியுமாக மடம் வரும். 'கலியாண நாள்' என்பதைத் தொட்டால் பந்தலும் அதன்கீழ் அவர்கள் இருவரும் வருவார்கள். என் தொழிலில் எனக்குள்ள நம்பிக்கை இம்மியும் குறையவில்லை. ஆனால் எந்தப் பழைய படம் கைக்கு வந்தாலும், கட்டடத்தை அளக்கும் முன் அதில் நிற்பவர்கள் யார் என்று போய் விசாரிக்கிறேன்.