கழன்று விழுந்த செருப்பு

போன வருடம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆரணியிலிருந்து வந்தவாசி போகும் பக்கம் ஒரு பழைய ஆஸ்பத்திரிக் கட்டடம் இருக்கிறது. பஞ்ச காலத்தில் ஏரி வெட்ட அழைத்துவரப்பட்ட கூலியாட்களை அங்கேதான் கொட்டகை போட்டுத் தங்க வைத்தார்களாம். அவர்களுக்கு வைத்தியம் பார்த்த இடம் இப்போது சின்ன அருங்காட்சியகம். மகளின் பள்ளி ப்ராஜெக்டுக்கு அதைப் போட்டோ எடுக்க வேண்டும். அவளுக்கோ காய்ச்சல். நானும் என் கணவரும் போக வேண்டியதாயிற்று.

இவர் பட்டுச் சேலை வியாபாரி. டீ, பேப்பர், போன் என்று வெயில் ஏறிய பிறகுதான் வண்டியை எடுத்தார். போனால் கதவு பூட்டியிருக்கிறது! சாவி வைத்திருக்கும் அம்மா சர்ச்சுக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை இவர் போனில் பேசிக்கொண்டே புதர்ப் பக்கமெல்லாம் நடந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருவழியாகக் கதவு திறந்தது. ஊசி வேகவைக்கும் பாத்திரம், மருந்துப் புட்டிகள், கட்டைக்கால் என்று எல்லாவற்றையும் வேகவேகமாகப் போட்டோ எடுத்தேன். திடீரென்று அந்த அம்மா கத்தினார்.

"இன்னா சார் இது? இப்பதான் தொடச்சிட்டுப் போனேன்!"

தரையெல்லாம் சிவப்புத் திட்டுகள். இவருடைய வலது காலில் செருப்பே இல்லை.

"செருப்பு எங்கங்க?"

"கால்லதான் இருக்குது," என்றார், குனிந்துகூடப் பார்க்காமல்.

"கழண்டதுகூடவா தெரியல?"

அப்போதுதான் குனிந்தார். முகம் மாறிவிட்டது. "நிஜமா தெரியலம்மா."

உட்கார வைத்துப் பார்த்தால், குதிகாலில் வேலிகாத்தான் முள் முழுசாக இறங்கி ஒடிந்திருந்தது. அந்த அம்மா ஒரு கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். டயர் ரப்பரில் தைத்து, பின்னால் வார் வைத்த பழைய செருப்பு. பிற்காலத்தில் அங்கே வந்த தொழுநோயாளிகளின் மரத்துப்போன கால்களுக்காகச் செய்ததாம். கழன்றாலும் அவர்களுக்குத் தெரியாது என்பதால்தான் வார் என்று அட்டையில் எழுதியிருந்தது. அதை நான் படிக்காமலே போட்டோ எடுத்திருந்தேன்.

"சாருக்கு சுகர் இருக்குதா? ஜல்தியா ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்க."

பல வருடமாகச் சர்க்கரை. மாத்திரையை நீட்டினால், "எனக்கு இன்னா கேடு?" என்பார். அன்றைக்கும், "முள்ளுதானே? சும்மா பேஜார் பண்ணிகினு," என்று முனகினார். வாயை மூடச் சொல்லி, பின்னால் உட்கார வைத்து நானே வண்டியை ஓட்டினேன்.

டாக்டர் முள்ளை எடுத்துவிட்டு, கால்விரல் இடுக்கைப் பிரித்துக் காட்டினார். அங்கே இன்னொரு புண், கறுக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் விரலையே எடுத்திருக்க வேண்டும் என்றார்.

புண் ஆற மாதக்கணக்காயிற்று. இப்போது வார் வைத்த செருப்புதான் போடுகிறார். ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கதை வேறு! எதற்கும் "வலிக்குது" என்று சொல்லாத மனுஷன் என்று அவரைப் பற்றிப் பெருமைப்பட்டவள் நான். இன்றைக்கு அவர் "கால் வலிக்குதுடி" என்று அலுத்துக்கொண்டால்தான் எனக்கு நிம்மதியாக இருக்கிறது.