ஐந்தருவியில் கத்திய கார்

எண்பதுகளின் நடுவில், ஒரு கார் அலாரம் நல்லதா மட்டமா என்று தென்காசியில் யாருக்காவது தெரிய வேண்டுமென்றால் என் கடைக்குத்தான் வருவார்கள். மேலகரம் போகிற சாலையில் எனக்கு ஒரு ஆட்டோ எலக்ட்ரிகல் ஒர்க் ஷாப் இருந்தது. டைனமோ கட்டுவது, ஹாரன் மாட்டுவது, பாட்டரிக்கு சார்ஜ் போடுவது என்று ஓடிக்கொண்டிருந்த கடைக்கு அலாரம் வேலை குற்றால சீசனால் வந்து சேர்ந்தது. அருவிக்குப் போகிறவன் ஒற்றைத் துண்டோடு போகிறான். பர்ஸ், வாட்ச், டேப் ரிக்கார்டர் எல்லாம் பூட்டிய காருக்குள் கிடக்கும். கண்ணாடியை நெம்பி அள்ளிக்கொண்டு போக ஒரு ஆள் போதும். அப்படிச் சிலர் பறிகொடுத்த பிறகு, ஊரில் கார் வைத்திருந்த எல்லோருக்கும் அலாரம் ஆசை பிடித்துக்கொண்டது.

பெரும்பாலும் துபாயிலிருந்தோ சவுதியிலிருந்தோ மச்சினன் கொண்டு வந்த பெட்டியோடு வருவார்கள். "நல்ல சாமானா பாருங்க அண்ணாச்சி" என்பார்கள். அவர்களுக்குத் தெரிந்த பரீட்சை ஒன்றே ஒன்று. பாட்டரியில் ஒயரைத் தொட்டால் காதைப் பொத்த வைக்க வேண்டும். எனக்கு அதைப் பார்த்தால் எரிச்சலாக வரும். கத்துவதற்கு என்ன, கழுதையும்தான் கத்துகிறது. எப்போது கத்துகிறது, எப்போது சும்மா இருக்கிறது என்றல்லவா பார்க்க வேண்டும்?

என் பரீட்சை வேறு. பெட்டியை வண்டியில் மாட்டி, டயரில் ஓர் உதை விடுவேன். பானெட்டில் ஒரு வாளித் தண்ணீரை வீசுவேன். மணல் லாரி கடந்து போகிறவரை காத்திருப்பேன். கடைசியில் திருடன் மாதிரி மெல்லக் கதவைத் திறந்து உள்ளே உட்காருவேன். மலிவான பெட்டிகளில் பாதி, லாரிக்கு அலறும். நான் உள்ளே ஏறிப் பாட்டுக் கேட்டாலும் வாயைத் திறக்காது. மீதிப் பாதி தண்ணீர் பட்டதும் நிறுத்தாமல் அழும். தீர்ப்புச் சொல்கிற தோரணையில் பெட்டியைத் திருப்பிக் கொடுப்பேன். எனக்கு அப்போது கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்று நான் சொல்வதே அதிக தயவு என்பாள் என் மனைவி.

பிறகு நானே ஒன்று செய்தேன். ஒரு ஸ்பிரிங்கின் நுனியில் ஈயக் குண்டு, அதைச் சுற்றி ஒரு பித்தளை வளையம். கார் அசைந்தால் குண்டு ஆடி வளையத்தைத் தொடும். தொட்டால் ஹாரன் அலறும். கதவுகளுக்குத் தனி சுவிட்ச். எல்லாம் ஒரு சோப்பு டப்பாவுக்குள் அடக்கம். பாட்டரி இறங்கிவிடக் கூடாது என்று அரை நிமிடத்தில் தானாக நிற்கும்படி வைத்தேன். அதில்தான் எனக்குப் பெருமை அதிகம்.

என்னுடைய பழைய அம்பாசிடரில்தான் முதலில் மாட்டினேன். அந்தச் சத்தத்தில் என் மகள் பயந்துவிடக் கூடாது என்று அதை விளையாட்டாக்கினேன். அப்போது அவளுக்கு நாலு வயது நிறையவில்லை. பின் சீட்டில் உட்கார வைத்து, பூட்டுக் குமிழை மேலே இழுத்துக் கதவைத் திறக்கக் கற்றுக் கொடுத்தேன். "கதவத் தொறந்தா வண்டி கத்தும். வண்டி கத்துனா அப்பா ஓடி வருவேன்." அவள் திறப்பாள், வண்டி கத்தும், நான் கடைக்குள்ளிருந்து ஓடி வருவேன். அவள் கைதட்டிச் சிரிப்பாள். ஒரு வாரம் முழுக்க வேலையைக் கெடுத்தது இந்த விளையாட்டு.

ஊர் வண்டிகளிலும் மாட்டி என் அலாரம் பேர் வாங்கியதும் ஊரில் ஒரு பழக்கம் வந்தது. அருவிக்குப் போகிறவர்கள் தூங்குகிற குழந்தையைக் காருக்குள் விட்டுப் பூட்டி, அலாரத்தையும் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார்கள். பிள்ளை விழித்து அசைந்தால் வண்டியே கூப்பிடுமே! இது சரியா என்று என்னிடம் கேட்டவர்களிடம் "தாராளமா விட்டுட்டுப் போங்க, நான் பொறுப்பு" என்று சொன்னேன்.

அந்த ஆடி மாதம் நாங்களும் ஐந்தருவிக்குப் போனோம். சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. மகளுக்குச் சளி, வழியிலேயே தூங்கிவிட்டாள். மரத்தடியில் வண்டியை நிறுத்தினேன்.

"பிள்ளைய தனியாவா விட? நான் இருக்கேன், நீங்க குளிச்சிட்டு வாங்க" என்றாள் மனைவி.

"அலாரம் இருக்குல்லா? ஊருக்கே மாட்டிக் குடுத்துட்டு நம்ம வண்டிய நாமளே நம்பலன்னா எப்படி?"

அவள் அரை மனதாகப் பெண்கள் பக்கம் போனாள். நான் வண்டியைப் பூட்டி, அலாரத்தைப் போட்டுவிட்டு எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தேன். தேய்த்துவிடுகிறவர் என் வயதுதான், பல வருஷப் பழக்கம். முதுகில் எண்ணெய் இறங்குவதற்குள் என் வண்டி அலறியது. அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு பாறையைச் சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"கொரங்கு அண்ணாச்சி. கூரை மேல உக்காந்திருக்கு. பாப்பா தூங்குது."

மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். மறுபடி அலறியது. மறுபடி எழுந்து போனார். என் தோள்பட்டையில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஏன் வே, கத்துற போதெல்லாம் போய்ப் பாக்கீரு? நான் செஞ்ச சாமான் எனக்குத் தெரியாதா? கொரங்குதான்."

"கொரங்குதான் அண்ணாச்சி. ஆனா சத்தம் கேட்டா எந்திச்சுப் பாக்கணும்லா" என்று சிரித்தார். "உங்க வண்டிக்கு வயித்துவலி வந்தாக்கூட ஊரே எந்திக்கணும் போல."

எழுந்து அருவிக்கு நடந்தேன். வரிசை நீளமாக இருந்தது. எனக்கு முன்னால் மூன்று பேர்தான் பாக்கி என்னும்போது மூன்றாவது முறையாகச் சத்தம் கேட்டது. அருவி இரைச்சலுக்கு நடுவிலும் என் ஹாரனை எனக்குத் தெரியும். பின்னால் நின்றவர் "யாரோ வண்டி கத்துதே" என்றார். "என் வண்டிதான். கொரங்கு" என்றேன். அரை நிமிடத்தில் நின்றது. சரியாக அரை நிமிடம், பாருங்கள், எவ்வளவு சுத்தமான வேலை என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். பிறகு தண்ணீருக்குள் தலையைக் கொடுத்தேன். நன்றாக, நிதானமாகக் குளித்தேன்.

திரும்பி வந்தபோது பின் கதவு திறந்து கிடந்தது. சீட்டில் அவள் போர்த்தியிருந்த துண்டு மட்டும் இருந்தது. அதே நேரம் ஈரத் தலையோடு மனைவி எதிரே வந்தாள். திறந்த கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

நான் அப்படிப் பயந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒரு பக்கம் சீசன் கூட்டம், இன்னொரு பக்கம் பாறையும் ஓடுகிற தண்ணீரும். மனைவி கடைகள் பக்கம் ஓடினாள். நான் தண்ணீர் இறங்குகிற பக்கம், மகள் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டு, துண்டு அவிழ்வதுகூடத் தெரியாமல் ஓடினேன். என்னைப் பார்த்து ஒதுங்கினார்களே தவிர யாரும் கூட வரவில்லை. குடிகாரன் என்று நினைத்திருப்பார்கள்.

"அண்ணாச்சி! இங்கன! இங்கன இருக்கு!"

எண்ணெய் தேய்க்கிறவர் ஆட்களை உட்கார வைக்கிற பலகைமேல் நின்று கையை ஆட்டினார். அவர் காலடியில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். தலையில் அவருடைய எண்ணெய்த் துண்டு, கையில் பாதி தின்ற வாழைக்காய் பஜ்ஜி. பாய்ந்து தூக்கிக்கொண்டேன். அவர் என் முதுகில் கை வைத்தார்.

"மூணாவது தடவ கத்தும்போது போனேன். பாப்பா கீழ எறங்கித் தண்ணிப் பக்கமா நடந்து போய்ட்டிருந்துச்சு. அழவே இல்ல. அப்பாவத் தேடிப் போறேன்னுச்சு" என்றார்.

அவரிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கையைப் பிடித்துக்கொண்டது மட்டும் தெரியும். அதற்குள் மனைவியும் ஓடி வந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் பல வருஷம் அலாரம் மாட்டினேன். பெட்டியைக் கொண்டு வருகிறவர்களுக்காக உதையும் தண்ணீரும் லாரியும் வழக்கம்போல நடந்தன. ஆனால் "நான் பொறுப்பு" என்ற வார்த்தை மட்டும் என் வாயில் வரவே இல்லை. குழந்தையை விட்டுப் போகலாமா என்று கேட்டவர்களைக் கண்டபடி திட்டி அனுப்பினேன். ஏன் இந்த மனிதர் இப்படிச் சீறுகிறார் என்று அவர்களுக்குப் புரிந்திருக்காது.

அன்று ஐந்தருவியிலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போது, அம்மா மடியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டு வந்த மகள், மேலகரம் தாண்டும்போது சொன்னாள். அவள் குரலில் கோபம் இல்லை, விளையாட்டில் நான் ஏதோ தப்புச் செய்துவிட்டது போலத்தான் இருந்தது.

"நான் கதவத் தொறந்தேன்ப்பா. வண்டியும் கத்துச்சு. நான் உக்காந்தே இருந்தேன். நீ வரவே இல்ல."