முடிந்தது என்று எழுதாதவர்

செய்தி காலை எட்டு மணிக்கு வந்தது. வாரத்துக்கான மாத்திரைகளை ஏழு கட்டங்கள் உள்ள டப்பாவில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். புதன்கிழமைக்கு வந்தபோது கைபேசி அடித்தது.

"சார், மாரீஸ்வரி பேசுதேன். புதூர்ப் பக்கம் பஞ்சாயத்துல வேலை பாக்கேன்லா, உங்க பழைய ஸ்டூடண்ட். நம்ம சண்முகத்தாய் டீச்சர் தவறிட்டாக சார். பசுவந்தனையில அவிய தம்பி வீட்டுல வச்சிருக்கு. சாயந்திரம் எடுத்துருவாக."

"வாரேம்மா" என்றேன். டப்பாவைப் பார்த்தால் புதன்கிழமையில் இரண்டு நாள் மாத்திரைகள் கிடந்தன.

அவரிடம் படித்தவர்களும் அவரோடு வேலை பார்த்தவர்களும் இதை வாசிப்பீர்கள். உங்களிடம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். செய்தியைக் கேட்டதும் எனக்குள் முதலில் எழுந்தது துக்கம் அல்ல. ஒரு சிறிய நிம்மதி. அந்த விஷயத்தை அறிந்தவர்களில் தலைமையாசிரியர் முன்பே போய்விட்டார், இப்போது டீச்சரும் போய்விட்டார், இனி என்னைத் தவிர யாரும் இல்லை என்ற நிம்மதி. அது ஒரு நிமிடம் இருந்திருக்கும். அந்த ஒரு நிமிடம்தான் என்னை இதை எழுத வைக்கிறது.

டீச்சர் நினைவாக இந்த மலரைத் தயாரிக்கும் பழைய மாணவர்கள் என்னிடம் கேட்டது வேறு. "ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரைக்கும் சமூக அறிவியலுக்குத் தொடர்ச்சியாகத் திட்டம் போட்டவர் நீங்கள், டீச்சர் உங்களுக்கு உதவியாக இருந்தார், அதைப் பற்றி எழுதுங்கள்" என்றார்கள். அந்தத் திட்டத்தின் அட்டை என் கையெழுத்தில் இருப்பதால் அப்படி நினைத்திருக்கிறார்கள். நானும் இத்தனை வருடங்களாகத் திருத்தவில்லை. திட்டம் டீச்சருடையது. கட்டம் போட்டது மட்டுமே நான்.

அந்தக் கோடை விடுமுறை நன்றாக நினைவிருக்கிறது. கோவில்பட்டி வெயிலில் ஆசிரியர் அறையின் மின்விசிறி சூடான காற்றைத்தான் இறைத்தது. டீச்சர் ஐந்து வகுப்புப் புத்தகங்களையும் மேசையில் வரிசையாகத் திறந்து வைத்திருந்தார். வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என்று ஒவ்வொரு வகுப்பிலும் தனித்தனியாக வருகிறதே, ஒரு வகுப்பில் படித்ததற்கும் அடுத்த வகுப்பில் படிப்பதற்கும் பிள்ளைகளுக்கு ஒட்டே இல்லையே என்பது அவருடைய குறை.

"புத்தகம் வருசா வருசம் மாறட்டும் சார். கேள்வி ஒண்ணு மாறாம இருக்கணும்" என்றார்.

"என்ன கேள்வி டீச்சர்?"

"எங்க ஊர்ல தண்ணி ஏன் இல்ல? அதான். ஆறாம் வகுப்புல வீட்டுக்குத் தண்ணி எங்கருந்து வருதுன்னு படம் போடட்டும். ஏழுல ஊர்க் கண்மாயை யாரு வெட்டினான்னு கேட்டுட்டு வரட்டும். எட்டுல மண்ணும் மழையும். ஒன்பதுல தண்ணிக்கு யாரு முடிவெடுக்கான்னு கிராம சபையில போயி உக்காந்து பாக்கட்டும். பத்துல, தண்ணி இல்லாததால யாரு யாரு ஊரவிட்டுப் போயி எங்கன வேலை பாக்காகன்னு எழுதட்டும். அஞ்சு வருசமும் அதே கேள்விதான். ஆனா பதில் வருசத்துக்கு வருசம் பெருசாகணும்."

நான் அட்டைத்தாளை விரித்து, குறுக்கே ஐந்து வகுப்புகள், நெடுக்கே ஜூன் முதல் மார்ச் வரை என்று கோடு போட்டேன். எந்த மாதம் எந்தப் பாடம், அந்தப் பாடத்தில் அந்தக் கேள்வி எங்கே நுழையும் என்று பென்சிலால் நிரப்பினோம். மூன்று வாரம் ஆனது. என் பணிக்காலத்தில் நான் மகிழ்ச்சியாக வேலை செய்த மூன்று வாரங்கள் எவை என்று கேட்டால் அவற்றையே சொல்வேன். டீச்சர் ஒரு நாள் அட்டையை எட்ட நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "கட்டம் போடுறதுல உங்கள அடிச்சுக்கிட ஆளில்ல சார். கட்டத்துக்குள்ள பிள்ளைக இருக்கான்னு அப்பப்ப எட்டிப் பாத்துக்கிடுங்க." நான் சிரித்தேன். அது வேடிக்கை என்றுதான் அப்போது நினைத்தேன்.

முதல் இரண்டு வருடங்கள் திட்டம் நடந்தது. பங்குனியில் டீச்சர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஊருக்கு வெளியே கரிசல் காட்டுக்கு அழைத்துப் போனார். துணைக்கு ஒரு ஆண் ஆசிரியர் வேண்டும் என்பதால் நானும் போனேன். உளுந்து எடுத்த நிலம் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்பின் ஆழத்தை அளக்க வேண்டும். ஒரு பெண் என்னிடம் மர அளவுகோலைக் கேட்டு வாங்கி உள்ளே விட்டாள். கை நழுவி அது முழுவதும் உள்ளே போய்விட்டது.

"டீச்சர், சாரோட ஸ்கேல் உள்ள போயிட்டு" என்று அழப்போனாள்.

"போகட்டும் ஏட்டி. ஐப்பசியில மழை பெஞ்சா இந்த வாயெல்லாம் மூடிக்கிடும். அளவு என்னன்னு எழுது. ஒரு அடிக்கு மேல, சார்வாளோட ஸ்கேலுக்கும் எட்டலன்னு எழுது."

பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சங்கடமாக இருந்தது. இப்போது யோசித்தால், அந்த வகுப்பில் படித்தவர்கள் யாரும் கரிசல் மண்ணின் தன்மையை மறந்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது வருடம் பத்தாம் வகுப்புத் தேர்வில் எங்கள் பாடத்தில் சிலர் தோற்றுப் போனார்கள். தலைமையாசிரியர் எங்கள் இருவரையும் அழைத்தார். ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை அரையாண்டோடு நிறுத்திவிட்டு, ஜனவரியிலிருந்து பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் தொடங்கிவிட வேண்டும் என்றார். பிள்ளைகளுக்குத் தேர்வுக்குப் படிக்க மூன்று மாதம் கூடுதலாகக் கிடைக்கும். பல பள்ளிகளில் அப்படித்தான் செய்கிறார்கள் என்றும் சொன்னார். எழுத்தில் எதுவும் தரவில்லை.

"ஒன்பதுல கடைசி மூணு பாடம்தான் சார் குடிமையியல். கிராம சபை அதுலதான் வருது. குடியரசு தினத்தன்னைக்குப் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போகப் பேசி வச்சிருக்கேன்" என்றார் டீச்சர்.

"கிராம சபையில மார்க்கா போடுதாவ?" என்றார் தலைமையாசிரியர்.

அன்று மாலை அட்டையை எடுத்து, ஒன்பதாம் வகுப்பின் கடைசி மூன்று கட்டங்களை ரப்பரால் அழித்து, 'பத்தாம் வகுப்புப் பாடம்' என்று எழுதினேன். நேர்த்தியாகத்தான் எழுதினேன்.

எந்தத் தேதியில் எந்தப் பாடம் நடத்தப்பட்டது என்று ஆசிரியர் எழுதிக் கையெழுத்திடும் பதிவேடு ஒன்று உண்டு. ஒன்பதாம் வகுப்பில் 'அ' பிரிவு எனக்கு, 'ஆ' பிரிவு டீச்சருக்கு. இருவரும் ஜனவரியிலிருந்து பத்தாம் வகுப்புப் பாடத்தையே நடத்தினோம். ஆனால் பதிவேட்டில் நான் அந்த மூன்று பாடங்களுக்கு நேராகவும் 'முடிந்தது' என்று எழுதினேன். டீச்சர் 'நடத்தவில்லை' என்று எழுதினார். நடத்திய பாடங்களுக்குக்கூட அவர் 'முடிந்தது' என்று எழுத மாட்டார், 'நடந்தது' என்றுதான் எழுதுவார். ஒருமுறை காரணம் கேட்டேன். "நான் நடத்தினது எனக்குத் தெரியும். அது முடிஞ்சதா இல்லையான்னு பிள்ளைகல்லா சார் சொல்லணும்?" என்றார்.

மார்ச் கடைசியில் ஆய்வுக்கு ஒரு கல்வி அதிகாரி வந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களைத் தலைமையாசிரியர் அறைக்கு அழைத்தார்கள். இரண்டு பதிவேடுகளும் மேசையில் திறந்து கிடந்தன.

"என்ன டீச்சர், மூணு பாடத்துக்கு 'நடத்தவில்லை'ன்னு எழுதி வச்சிருக்கீங்க?"

"நடத்தல சார். அதான் எழுதியிருக்கேன்."

"ஏன் நடத்தல?"

"ஜனவரியிலருந்து ரெண்டு பிரிவுக்கும் பத்தாம் வகுப்புப் பாடம்தான் நடக்குது. ஹெச்.எம். சொன்னாக."

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் அப்படிச் சொல்லலையே. இந்தா சாரும் ஒன்பதாம் வகுப்புதான் எடுக்காரு. அவரு பதிவேட்டப் பாருங்க. அவரையே கேளுங்க."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க முடிச்சிட்டீங்களா?"

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த உலகப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிச்சிட்டேன் சார்" என்றேன்.

எனக்கு அப்போது பதவி உயர்வு எதுவும் காத்திருக்கவில்லை. என்னை யாரும் மிரட்டவில்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் இத்தனை வருடமும் அதைக் காரணமாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். கேட்டார்கள், பதிவேட்டில் இருந்ததைச் சொன்னேன். அவ்வளவுதான். அந்த ஒரு பதிலால் டீச்சர் வேலை செய்யாதவராகவும், தன் குற்றத்தைத் தலைமையாசிரியர் மேல் போட்டவராகவும் ஆனார். அவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார்கள். அடுத்த ஜூனில் மேல் வகுப்புகளை எல்லாம் எடுத்துவிட்டு ஆறாம் வகுப்பு மட்டும் கொடுத்தார்கள். ஓய்வு பெறும் வரை அதுதான்.

மறுநாள் மாடிப்படியில் அவரைப் பார்த்தேன். அவரே நின்றார். "பிள்ளைகளக் கூப்பிட்டுக் கேளுங்கன்னு சொல்லியிருக்கலாம் சார். சொல்லல. அதுக சாட்சி சொல்லிட்டு நாளைக்கு நம்ம முகத்துல எப்படி முழிக்கும்?" என்றார். இரண்டு படி இறங்கியபின் திரும்பி, "ஒரு கட்டத்தையும் காலியா விட மாட்டீங்க நீங்க. எனக்குத் தெரியாதா" என்றார். அதற்குப் பிறகு அதைப்பற்றி அவர் என்னிடமோ, எனக்குத் தெரிந்து வேறு யாரிடமோ பேசியதில்லை. அவருடைய பணி நிறைவு விழாவில் என்னைப் பேசச் சொன்னார்கள். நேரம் தவறாமை பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். கீழே இறங்கியதும், "நல்லாப் பேசுனீங்க சார், மணி தப்பாம" என்று கைகூப்பினார்.

ஆறாம் வகுப்புக்குப் போன பிறகும் அவர் திட்டத்தைக் கைவிடவில்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. ஒரு வருடம் பத்தாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து நின்றாள். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகும் வீட்டுப் பெண். இப்போது எனக்குச் செய்தி சொன்ன மாரீஸ்வரிதான் அவள். கையில் அட்டை நைந்த ஒரு நோட்டு.

"சார், இது ஆறாம் வகுப்பு நோட்டு. கடைசியில நாலு பக்கத்தக் காலியா விடச் சொன்னாக டீச்சர். ஏழு, எட்டு, ஒன்பது, பத்துன்னு ஒரு வகுப்புக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு வருசமும் சார்மாரு கேப்பாக, பதில் எழுதணும்னாக. இதுவரைக்கும் யாரும் கேக்கல. நீங்க எப்ப சார் கேப்பீங்க?"

நோட்டை வாங்கிப் பார்த்தேன். 'எங்கள் ஊரில் தண்ணீர் ஏன் இல்லை?' என்று மேலே எழுதியிருந்தது. நான்கு பக்கங்களும் வெள்ளையாக இருந்தன.

"அது பரீட்சைக்கு வராது. உக்காரு" என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். தலைமையாசிரியர் அறையில் சொன்னதைவிட இதை நினைக்கும்போதுதான் எனக்கு அதிகமாகக் கூசுகிறது. அங்கே பயந்தேன் என்றாவது சொல்லலாம். இங்கே யாருக்குப் பயந்தேன்?

டீச்சரின் இறுதிச் சடங்குக்குப் போயிருந்தேன். பந்தலுக்கு வெளியே வேப்பமர நிழலில் மாரீஸ்வரி எனக்கு ஒரு நாற்காலி போட்டாள். தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். ஊராட்சியில் கணக்கும் தீர்மானங்களும் எழுதுவது அவள் பொறுப்பு.

"கிராம சபைன்னா என்னன்னே வேலைக்கு வந்த பெறகுதான் சார் படிச்சேன். முதக் கூட்டத்துல ஒரு ஆத்தா எந்திரிச்சு, தண்ணித் தொட்டி எங்கன்னு கேக்கா, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஸ்கூல்ல அந்தப் பாடம் இருந்துச்சாமே? எனக்கு ஞாபகமே இல்ல. நான் அன்னைக்கு லீவு போட்டுருப்பேன் போல."

அவள் விடுமுறை எடுக்கவில்லை. அந்த மூன்று பாடங்களையும் அவளுக்கு யாரும் நடத்தவில்லை. ஆய்வு நடந்த அந்த வருடத்திற்குப் பிறகு 'ஆ' பிரிவும் என்னிடமே வந்துவிட்டது. வருடா வருடம் இரண்டு பதிவேடுகளிலும் 'முடிந்தது' என்று நானே எழுதினேன். இதை அந்த வேப்ப மரத்தடியில் சொல்லியிருக்க வேண்டும். "இருக்கும்மா" என்று மட்டும் சொன்னேன். அதிகாரியிடம் சொன்ன அதே பொய், இரண்டாவது முறையும்.

டீச்சருடையது என்று என்னிடம் இருப்பது அந்த அட்டை ஒன்றுதான். பீரோவில் சுருட்டி வைத்திருக்கிறேன். நேற்று விரித்து ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். நான் அழித்த மூன்று கட்டங்களில் பழைய பென்சில் தடம் தெரிகிறது. கண்ணாடி போட்டால் வாசிக்கவும் முடிகிறது: 'கிராம சபை. நேரில் போய்ப் பார்க்க.' அதைத் திரும்ப எழுதும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இந்த மலர் அச்சானதும் அட்டையை மாரீஸ்வரியிடம் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். அதுவரை என்னிடம் இருக்கும்.

பதிவேடுகள் எந்த மூட்டையில் போயினவோ. ஆகவே செய்ய வேண்டிய திருத்தத்தை, அவரை அறிந்த உங்கள் முன்னால், இந்தப் பக்கத்தில் செய்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு, 'அ' பிரிவு. குடிமையியல், கடைசி மூன்று பாடங்கள். அந்த வருடம். பின்பு நான் பொறுப்பில் இருந்த எல்லா வருடங்களிலும், இரண்டு பிரிவுகளுக்கும்.

நடத்தவில்லை.