கல்லீரலுக்கு முந்தின கேள்வி

தையல்காரருக்குக் கையும் காலும் எந்நேரமும் வேலையில் இருக்கும். சும்மா இருந்தது வாய் மட்டும்தான். அந்த வாயை மனைவியின் படிப்புக்குக் கொடுத்தார். அவளுக்கு மருத்துவமனையில் வார்டைக் கூட்டித் துடைக்கும் வேலை. நர்ஸ் பயிற்சிக்கான நுழைவுத்தேர்வை எழுத வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. இதை விட்டால் காலமெல்லாம் துடைப்பம்தான்.

பொது அறிவியல் கேள்வி பதில் புத்தகம் ஒன்று வாங்கி வந்தார். தைத்துக்கொண்டே பக்கம் புரட்ட முடியுமா? அதனால் முதலில் தானே அட்டை முதல் அட்டை வரை மனப்பாடம் செய்துவிட்டார். பிறகு மெஷினை மிதித்தபடி அவர் கேட்பார். வேலை முடிந்து வந்தவள் பட்டன் தைத்தபடி சொல்வாள்.

"இலை பச்சையா இருக்க எது காரணம்?"

"பச்சையம்."

"மாலைக்கண் எதனால வருது?"

"வைட்டமின் ஏ குறைஞ்சா."

பேன்ட் கால் மடிக்க வந்தவர்களெல்லாம் பாதிப் பரீட்சைக்குத் தேறிவிட்டார்கள். பக்கத்துக் கடை இஸ்திரிக்காரர், "எனக்கும் ஒரு சீட் வாங்கிக் குடுங்க, நானும் நர்ஸ் ஆயிடறேன்" என்று சிரிப்பார். ஒரு கேள்வியிலும் அவள் தடுமாறவில்லை. தையல்காரருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

பரீட்சை நாள் வந்தது. தேர்வு மையத்தின் வாசலில் அவள் கை சில்லிட்டிருந்தது. கொஞ்சம் தைரியம் கொடுப்போமே என்று பையிலிருந்த புத்தகத்தை எடுத்து, நடுவில் விரித்துக் கேட்டார்.

"உடம்புலயே பெரிய சுரப்பி எது?"

அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"ஏங்க, இதுக்கு முந்தின கேள்வி என்ன?"

"அது எதுக்கு இப்ப? இதைச் சொல்லு."

"அதைச் சொல்லுங்க, தானா வந்துடும்."

கல்லீரல் என்ற ஒரே ஒரு வார்த்தை அவளுக்கு வரவில்லை. வேறு பக்கம் புரட்டினார்.

"சரி, ரத்தம் ஏன் சிவப்பா இருக்கு?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு, "பச்சையம்... வைட்டமின் ஏ..." என்று முதல் பக்கத்திலிருந்து முணுமுணுத்து வந்தாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மனப்பாடம் செய்த வரிசையிலேயே தினமும் கேட்டிருக்கிறார். ஒரு நாள்கூட மாற்றவில்லை. மாற்றிக் கேட்க அவருக்கே வராது. வினாத்தாளில் யார் அந்த வரிசையில் கேட்கப் போகிறார்கள்? பாவி, நானே கெடுத்தேனே! சொன்னால் இருக்கிற தைரியமும் போய்விடும். சொல்லாமல் எப்படி அனுப்புவது? மணி அடித்துவிட்டது.

"எழுதறவங்க மட்டும் உள்ள போங்க! கதவை மூடப் போறேன்," என்று காவலாளி கத்தினார்.

அவள் போகிற அவசரத்திலும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"ஏன் இப்படி வெளிறிப் போய் நிக்கிறீங்க? பயப்படாதீங்க. நீங்க சொல்லிக் குடுத்ததுல ஒண்ணுகூட எனக்கு மறக்கல."

கம்பிக் கதவு மூடியது. படியேறும்போதே அவள் உதடுகள் முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்திருந்தன.