திருப்பித் தராத தட்டுகள்

அலெக்ஸாண்ட்ரியாவில் ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில் ஹைசம் தனியாகக் குடியிருந்தான். வேலையும் அங்கேயேதான். ஏதோ ஒரு வெளியூர்க் கம்பெனியின் வாடிக்கையாளர்களுக்குக் கணினியில் பதில் எழுதிக்கொண்டிருப்பான். வாய் திறக்கவே வேண்டாத உத்தியோகம். ரொட்டியோ சிகரெட்டோ வேண்டுமென்றால் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவான். கீழே மளிகைக்காரர் போட்டு அனுப்புவார். படி இறங்குவதே நின்றுபோயிற்று. குளிப்பதும்தான், சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

ஹஜ் போய் வந்த எதிர்வீட்டு அம்மாள் ஹாஜ்ஜா இன்ஸாஃப் மட்டும் விடுவதாக இல்லை. அரிசி அடைத்த முட்டைகோஸ் செய்தால் ஒரு தட்டு, மீன் பொரித்தால் ஒரு தட்டு. ஐயா வாங்கி வக்கணையாகச் சாப்பிட்டார். ஆனால் எங்கள் பக்கம் தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் கிடையாது. நாலு ஆரஞ்சாவது வைத்துத்தான் நீட்ட வேண்டும். கூடையை இறக்கினால் பழம் வந்திருக்கும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினான். தட்டுகள் சேரச் சேர, இனி நாலு பழம் போதாது, பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. பெரிதாகச் செய்யத் தெம்பில்லை. கடைசியில், அவள் கதவைத் தட்டினாலே மூச்சை அடக்கிக்கொண்டு வீட்டில் இல்லாதவன்போல நிற்க ஆரம்பித்தான். மனுஷன் செய்கிற காரியமா இது!

ஒரு வெள்ளிக்கிழமை கதவு தட்டும் சத்தம் கேட்டது. வழக்கம்போல நின்றான். வெளியே கட்டடக் காவலாளி அப்தூவின் குரல்.

"ஹாஜ்ஜா, உங்க தட்டையெல்லாம் அந்தாளு முழுங்கிட்டான். நேத்து விருந்தாளிக்கு மேல்வீட்டுல இரவல் வாங்குனீங்களே! நான் கேக்கவா?"

"வாய மூடுடா. புள்ளைக்கு வேலை இருக்கும். வா, போவோம்."

ஹைசமுக்கு உடம்பெல்லாம் கூசியது. இவளும் போய்விட்டால், தான் இருக்கிறானா செத்தானா என்று கேட்க ஒரு நாதி இல்லை. சமையலறைக்கு ஓடித் தட்டுகளை வாரிக்கொண்டு கதவைத் திறந்தான்.

"வெறுந்தட்டுதான் ஹாஜ்ஜா. சரியாக் கழுவக்கூட இல்ல. மன்னிச்சிருங்க."

எத்தனையோ நாளாகப் பேசாத தொண்டை; பாதி காற்றாகத்தான் வந்தது.

அவள் அடுக்கை வாங்கி அப்தூவிடம் கொடுத்துவிட்டு, தன் கையிலிருந்த சூடான உணவை இவனிடம் நீட்டினாள். மிட்டாய்க் கடையில் கொடுக்கிற காகிதத் தட்டு.

"இத நீ திருப்பித் தர வேணாம் கண்ணு. தின்னுட்டுத் தூக்கிப் போட்டுரு. அடுத்த தடவ கதவ மட்டும் திற."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அப்தூ பார்க்கப் பார்க்க, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான்.