கும்மிடிப்பூண்டி பழந்துணி ஆலையில் தானியேலும் ரூத்தும்

பொன்னேரியில் எங்கள் ஆலயச் சுவரில் தொங்கும், கையால் நெய்த இரண்டு பழைய படச்சீலைகளைப் பார்க்க எப்படி வருவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். அந்தக் காலத்தில் கப்பலில் வந்தவை. இரண்டும் பைபிள் காட்சிகள்: ஒன்றில் சிங்கக் கெபியில், அதாவது குகையில், தானியேல், மற்றதில் வயலில் கதிர் பொறுக்கும் ரூத். போன வியாழக்கிழமை அவற்றைத் தேடி நானே ஓட வேண்டியதாயிற்று.

தப்பு என்னுடையது. கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க இரண்டையும் இறக்கி, போர்வையில் சுருட்டித் தாழ்வாரத்தில் வைத்தேன். சபையார் கொடுத்த பழந்துணி மூட்டைகளும் அங்கேதான் இருந்தன. சனிக்கிழமை மூட்டைகளை எடுக்க வண்டி வந்தபோது, "எல்லாத்தையும் ஏத்திக்கங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். புதன் மாலை மாட்டப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. வண்டிக்காரர் நம்பர் போதகரிடம் இருந்தது. கேட்டால் மாட்டிக்கொள்வேன் என்ற பயத்தில் கேட்கவில்லை. வண்டியில் எழுதியிருந்த ஆலையின் பெயர் மட்டும் நினைவிருந்தது.

காலை 6.40 ரயில். 13 கி.மீ., இருபது நிமிஷம், ஐந்து ரூபாய். ஸ்டேஷனிலிருந்து தொழிற்பேட்டைக்கு ஆட்டோ நூறு ரூபாய்.

"இன்னா சார், மூஞ்சி வெளுத்துக் கெடக்குது? ஆஸ்பத்திரிக்கா?" என்றார் ஓட்டுநர். பழந்துணியைக் கிழித்துப் பஞ்சாக்கும் ஆலைக்கு என்றேன்.

"அங்கயா? ஏழு மணிக்கே மிஷின் ஓட ஆரம்பிச்சிடும் சார்."

இறங்கும்போது மணி ஏழு இருபத்தைந்து. கேட்டிலேயே சத்தம் காதை அடைத்தது. மிஷினுக்குள் துணியைக் கொண்டுபோகும் பெல்ட்டில் போன ஒவ்வொரு சிவப்புத் துணியும் தானியேலின் அங்கியாகவே தெரிந்தது.

பட்டனும் ஜிப்பும் அறுத்தெடுக்கும் லட்சுமி என்ற பெண், நான் சொன்னதைக் கேட்டதும் என்னைக் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போனார். வேப்பமரத்தடியில், கண்ணாடி உடைந்த சாமி படங்களுக்கு நடுவில் தானியேல் சாய்ந்திருந்தார். யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள்; அவருக்கு இல்லை, சிங்கத்தின் நெற்றியில்.

"சாமி படம் வந்தா மிஷின்ல போட மாட்டோம் சார். சிங்கம் அம்மனோட வாகனமாச்சே!"

லட்சுமியைக் கும்பிடலாம் போலிருந்தது. "இன்னொண்ணும் இருந்துச்சே அக்கா?" என்றேன்.

அவர் முகம் மாறியது. "அதுல ஒரு பொம்பள கதிர் பொறுக்கிக்கினு இருந்தா. எங்கூர்ல நானும் பொறுக்கினவதான், இதுல இன்னா சாமி இருக்குதுன்னு... இப்பத்தான் சார், காலைல மொத மூட்டையோட போட்டுட்டேன்."

முந்தின நாள் மாலையே போதகரிடம் வண்டிக்காரர் நம்பரைக் கேட்டிருந்தால் ரூத் பிழைத்திருப்பாள்.

வருகிறவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்து பத்தரைக்கு மேல் வாருங்கள். இடது சுவரில் தானியேல் இருப்பார். குங்குமத்தை நான் துடைக்கவில்லை. வலது சுவரில் ஆணி மட்டும்தான். ஏன் என்று கேட்டால் என்னைக் கைகாட்டுங்கள்.

இங்கே போடுவதற்கு முன் இதைப் போதகருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். நீல டிக் வந்து ஒரு மணி நேரமாகிறது. காத்திருக்காமல் இதைப் போட்டுவிட்டேன்.